கீழ் வரியும் இடது காலும்

இருபத்தாறு வருஷ வழக்கை அன்று மாலைக்குள் முடித்துவிடுவது என்று சபதம் செய்தேன்.

வழக்கு இதுதான். கல்யாணத்தன்று என் மனைவி ஜான்ஸி எங்கள் காஞ்சிரப்பள்ளி வீட்டுக்குள் இடது காலை முதலில் வைத்தாள். பக்கத்தில் நின்ற என் அக்கா ஏலிக்குட்டி சேச்சி சாட்சி. அதற்குப் பிறகு கிணற்று மோட்டார் எரிந்தது, ரப்பர் விலை விழுந்தது, என் முடி கொட்டியது. எல்லாப் பழியையும் அந்தக் காலின் தலையில்தான் போட்டு வருகிறேன்.

இப்போது எங்கள் சர்ச்சிலிருந்து வேளாங்கண்ணிக்கு பஸ் போகிறது. இரண்டு பசு இருக்கிற வீடு. ஒருவர்தான் போக முடியும். ஐந்து மணிக்குள் ஃபாதரிடம் பெயர் கொடுக்க வேண்டும்.

"இடது காலை வச்சு உள்ள வந்தவங்க மாட்டைப் பாத்துக்கணும். சம்மதமா அச்சாயா?" என்றாள் ஜான்ஸி.

"நூறு தடவை சம்மதம்."

கல்யாண கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். சேச்சி குழலப்பத்தைக் கடித்தபடி சோபாவில் உட்கார்ந்தாள். வாசற்படி வந்தது. கால் வந்தது. வந்த கால் பின்னால் போனது. மறுபடி வந்தது. படமே குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்கியது.

"என்னடா குரியாச்சா, இவ உள்ள வர்றாளா, வெளிய போறாளா?" என்றாள் சேச்சி.

"யோசிக்கிறேன் போல," என்றாள் ஜான்ஸி. "அன்னிக்கே நல்லா யோசிச்சிருக்கணும்."

ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். வேகத்தைக் குறைத்தேன். நடுக்கம் நிற்கவில்லை. மணி நாலே முக்கால்.

ஜான்ஸி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"திரையில என்னமோ கேள்வி கேக்குதே?"

"பழைய வீடியோவுல ஒவ்வொரு படமும் ரெண்டு பாதி. ஒரு வரி விட்டு ஒரு வரி. மேல் வரி முதலா, கீழ் வரி முதலான்னு கேக்குது."

"நீங்க என்ன போட்டீங்க?"

"மேல்தான். எதுவும் மேல இருந்துதானே ஆரம்பிக்கும்?"

"கீழ் வரியைப் போட்டுப் பாருங்க."

"இது உன் அடுப்பு இல்ல."

"இருக்கறதே ரெண்டு, அச்சாயா. ஒண்ணு ஆடுதுன்னா இன்னொண்ணுதானே?"

மாற்றினேன். பிந்தி வரவேண்டிய பாதியை நான்தான் முந்தி அனுப்பியிருக்கிறேன். அதனால்தான் கால் முன்னும் பின்னும் போயிருக்கிறது. இப்போது படத்தின் நடுக்கம் ஆணி அடித்தாற்போல் நின்றது.

சரிகைப் புடவைக்குக் கீழே ஒரு கால் அழகாகப் படியேறியது. வலது கால். அதற்கும் முன்னால், கறுப்பு ஷூ போட்ட ஒரு கால் உள்ளே நுழைந்தது. இடது கால்.

என் கல்யாண ஷூ.

"நான் பாத்தது இடது கால்தான்," என்றாள் சேச்சி மெதுவாக. "யாரு கால்னு பாக்கல."

எனக்கு மானமே போனது. ஜான்ஸியின் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எங்க அம்மா வீட்டுப் பழைய டிவியில எத்தனை தடவை பாத்திருக்கேன். அதுல இது ஆடவே ஆடாது."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

சேச்சி போனை எடுத்தாள்.

"ஃபாதர், ஜான்ஸி பேரை எழுதிக்குங்க. குரியாச்சனுக்கு மாட்டை விட்டு வர மனசில்லையாம்."