நாற்பத்தேழுக்கு ஒன்று

"உன் படம் நாற்பத்தேழு. என் படம் ஒண்ணே ஒண்ணு. அதுலயும் காது மட்டும்தான் தெரியுது!"

தம்பியான வரலாற்று வாத்தியார், அப்பாவின் தகரப் பெட்டியைக் கூடத்தில் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அப்பா போய் ஒரு மாதம் ஆகிறது. படங்களைப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று வந்த அண்ணன் வசமாக மாட்டிக்கொண்டார்.

"விடுடா. ஐம்பத்திரண்டு வயசுல இதுக்குப் போய் அடிச்சுக்கிறியே."

"நான் அடிச்சுக்கலை. ஆதாரம் பேசுது! அப்பாவுக்கு எந்தப் பிள்ளையப் பிடிக்கும்னு பெட்டியே சொல்லுது பாரு."

சொல்லிவிட்டாரே தவிர, 'என்னை உங்களுக்குப் பிடிக்குமாப்பா?' என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இனி யாரைக் கேட்பது?

சரி, இருக்கிற ஒன்றையாவது உறுதிப்படுத்துவோம் என்று அந்தப் படத்தை ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனார். சமையலறை வாசலில் அண்ணன் சிரிக்கிறான். ஓரத்தில், அரைகுறையாக, ஒரு காது.

ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தார். "காதுதான் சார். ஆனா வாணலியோட காது."

ஆக, நாற்பத்தேழுக்குப் பூஜ்யம்.

வாத்தியார் அசருவாரா? வீட்டுக்கு வந்ததும், அண்ணனின் படக்கட்டிலிருந்து கவுன் போட்ட கைக்குழந்தைப் படம் ஒன்றை உருவினார். "இது நான்! இந்த மூக்கு என் மூக்கு!"

அண்ணன் தம்பி கையிலிருந்த பூதக்கண்ணாடியை வாங்கி, படத்தில் சுவரில் தொங்கிய காலண்டரை நிதானமாகப் படித்தார். "நீ பொறக்க இன்னும் மூணு வருஷம் இருக்குடா."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. கடைசியில் மனைவி வேறு வாயை வைத்தாள். "ஒரு படம்கூட இல்லைன்னா... உங்களைத் தத்து எடுத்திருப்பாங்களோ?"

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் அத்தை வீட்டு வாசலில் போய் நின்றார். அப்பாவைவிட மூத்தவர்களில் மிச்சமிருப்பது அந்த அத்தை ஒருத்திதான்.

"அத்தை, மறைக்காம சொல்லுங்க. நான் இந்த வீட்டுப் பிள்ளைதானா?"

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தாள். "அட கூறுகெட்டவனே! கண்ணாடியில மூஞ்சியப் பார்த்ததே இல்லையா? அப்படியே உங்கப்பன்."

"அப்போ என்னை மட்டும் ஏன் ஒரு படம்கூட எடுக்கலை?"

"உங்கண்ணன் உட்காருன்னா உட்காருவான், சிரின்னா சிரிப்பான். நீ கேமராவைக் கண்டாலே வீல்னு கத்துவ. உங்கம்மா தூக்கினாலும் அடங்க மாட்ட. உங்கப்பன் ஓடி வந்து தூக்கினாத்தான் வாய மூடுவ."

"அதுக்காக? நான் வாய மூடினப்புறம் எடுத்திருக்கலாமே!"

அத்தை ஊசியைக் கீழே வைத்தாள்.

"கேமரா வெச்சிருந்தவனே அவன்தானேடா. உன்னை அணைச்சுக்கிட்டிருந்த கை, எப்படிடா படம் எடுக்கும்?"