லோர்ட் அண்ணையின் ஏழாவது குச்சி

எண்பதுகளில் பாரிஸ் லாசப்பலில் வந்து இறங்கிய தமிழருக்குத் தெரிந்த திசை ஒன்றே ஒன்றுதான்: லண்டன். கும்பிட்டாலும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் கும்பிட்டோம். அப்படி ஊரே லண்டனுக்குப் போகத் தவம் கிடந்த காலத்தில், லண்டன் பக்கமிருந்து பாரிசுக்கு வந்து சேர்ந்த ஒரே தமிழர் எங்கள் லோர்ட் அண்ணைதான். லாசப்பலில் மட்டுமல்ல, உலகத்திலேயே அவர் ஒருவர்தான் என்று நான் சத்தியம் செய்யத் தயார்.

ஒரு மனிதரைச் சந்தேகப்பட இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

நாங்கள் இருந்தது லாசப்பலுக்குப் பக்கத்து மார்க்ஸ் டோர்மோயில், ஐந்தாம் மாடியில் ஒரே ஒரு அறை. வீட்டுக்காரருக்குத் தெரிய மூன்று பேர். மூச்சு விட்டவர்கள் ஏழு பேர். எட்டாவதாக அந்த அறையில் குடியிருந்தது சந்தேகம். பால் போத்தலில் அவரவர் மட்டத்துக்குப் பேனாவால் கோடு போட்டிருந்தோம். ஒருவன் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான் என்று யோசித்தோம், சிரிக்காவிட்டால் இன்னும் கூடுதலாக யோசித்தோம். பயண ஏஜென்டுகளிடம் வழிநெடுக ஏமாந்து வந்தவர்களுக்கு மனிதரை நம்பும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. இதில் நான் ஒன்றும் விதிவிலக்கு இல்லை.

லோர்ட் அண்ணைக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். தடித்த கம்பளிக் கோட், தட்டையான தொப்பி, முழங்கால் வரை றப்பர் பூட்ஸ். இந்தக் கோலத்தில்தான் மெட்ரோவில் போவார், உணவகத்துக்குக் கோப்பை கழுவப் போவார், ரூ பெர்தொனே தெருவில் மிளகாய்த்தூள் வாங்கப் போவார். வழியில் பெண்களைக் கண்டால் தொப்பியைத் தூக்குவார். ஆண்களுக்குத் தூக்கமாட்டார். "தொப்பி தூக்கிறது பொம்பிளையளுக்கும் பெரிய ஆக்களுக்கும் மட்டுந்தான்" என்பார். லாசப்பல் பெண்கள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபக்கத்துக்கு மாறிவிடுவார்கள்.

இங்கிலாந்தில் நாட்டுப்புறத்தில் ஒரு பிரபுவின் மாளிகை, அதைச் சுற்றிக் காடும் குளமும் புல்வெளியும். அங்கே ஏழு வருடம் இருந்ததாகச் சொல்வார், லோர்ட் என்ற பட்டப்பெயர் அதனால்தான். "நானும் பிரபுவும் சேர்ந்து வேட்டைக்குப் போவம்" என்று தொடங்கினாரென்றால், காட்டுக்கோழிகள் எங்கள் அறைக்குள் பறக்கத் தொடங்கிவிடும். வருடம் ஒருமுறை மாளிகைக்காரருக்கும் கிராமத்தாருக்கும் நடக்கிற கிரிக்கெட், அதற்கு மறுநாள் வேலைக்காரருக்கு வைக்கிற விருந்து, அதில் பிரபுவின் மனைவி சமையல்காரனோடு ஆடுகிற முதல் நடனம் என்று எல்லாம் வரும். கேட்டுக்கொண்டே நாங்கள் பருப்புக்குத் தாளிப்போம்.

கணக்கு மாஸ்டர் என்று ஒருவர் எங்களுடன் இருந்தார். ஊரில் ரியூட்டறியில் கணிதம் படிப்பித்தவர், இங்கே கோழி வெட்டினார். அவர் ஒரு நாள் நேராகவே கேட்டார்.

"அவ்வளவு நல்ல இடமெண்டால் ஏன் அண்ணை விட்டிட்டு வந்தனீங்கள்?"

"காத்துப் பிடிக்கேல்லை."

"பாரிஸ் காத்துப் பிடிச்சிருக்கோ?"

"கதையை விடு. பருப்பு அடிப்பிடிக்குது."

அந்தப் பதில் மாஸ்டரின் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது.

முதல் பெரிய குற்றச்சாட்டு கிரிக்கெட்டில் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை புறநகர்ப் பொபினித் தமிழருக்கும் எங்களுக்கும் ஆட்டம். ஸ்கோர் எழுதத் தனக்குத்தான் தெரியும் என்று லோர்ட் அண்ணை அம்பயராகவும் ஸ்கோரராகவும் நின்றார். எங்களுக்கு இன்னும் ஒன்பது ஓட்டம் வேண்டும், கையில் நாலு விக்கெட். நான் அடிக்கத் தயாராக நிற்கிறேன். அண்ணை மணிக்கூட்டைப் பார்த்தார், விக்கெட்டுகளின் மேலிருந்த குச்சிகளை எடுத்துப் பொக்கற்றில் போட்டார், "நாலு மணி. தேத்தண்ணி" என்றார்.

"அண்ணை, ஒம்பது ரன்தான்."

"மாளிகையிலை ஒரு ரன் இருந்தாலும் நாலு மணிக்குத் தேத்தண்ணிதான்."

பொபினிக்காரர் தாங்கள் கொண்டுவந்த றோல்ஸைச் சாப்பிட்டார்கள், அவருக்கும் இரண்டு கொடுத்தார்கள், பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்கள். ஆட்டம் அப்படியே நின்றது. இரண்டு றோல்ஸுக்கு எங்களை விற்றுவிட்டார் என்று அறையில் தீர்ப்பானது. நானும் அதை நம்பினேன், ஏனென்றால் அவை நல்ல றோல்ஸ்.

அதன் பிறகு குளிர் வந்தது. எங்கள் அறையில் ஒரே ஒரு ஹீற்றர். அதற்குப் பக்கத்தில் படுப்பவன் ராசா. அங்கிருந்து வாசல் வரை வரிசையாகக் குளிர் கூடிக்கொண்டே போகும். வாசலடியில் படுப்பவனைக் கக்கூசுக்குப் போகிற அத்தனை பேரும் மிதிப்பார்கள். ஹீற்றர் இடத்துக்கு நடந்த போட்டியைச் சொல்லி மாளாது. பஸ்ஸில் சீற் பிடிக்கிற மாதிரிக் காலுறையைப் போட்டு இடம் பிடித்தோம். பற்றிக் என்ற மன்னார்ப் பெடியன் காய்ச்சல் என்று பொய் சொல்லி வேலையிலிருந்து நேரத்தோடு வந்து படுத்தான். மூன்றாம் நாள் அவனுக்கு உண்மையாகவே காய்ச்சல் வந்தது, ஒருவரும் நம்பவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம் அடிபிடி வரும் நேரத்தில் லோர்ட் அண்ணை எழுந்து நின்றார். கையில் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூடு. அதற்குள் ஆறு மரக்குச்சிகள் நுனி மட்டும் தெரிய நின்றன. சீன உணவகத்தில் சாப்பிடத் தருகிற குச்சிகளை வெட்டி, அடியில் ஒன்று முதல் ஆறு வரை எழுதியிருந்தார்.

"வேட்டைக்கு வாற விருந்தாளியள் ஆர் எங்கை நிக்கிறதெண்டு சண்டை பிடிக்கிறேல்லை. தோல் கூட்டுக்குள்ளை தந்தத்துக் குச்சி இருக்கும். ஆளுக்கொண்டு எடுப்பினம். என்ன நம்பர் வருதோ அதுதான் நிக்கிற இடம். ஒவ்வொரு சுற்று முடிய எல்லாரும் ரெண்டு இடம் தள்ளிப் போகவேணும். நல்ல இடம் ஒருத்தருக்கே நிக்காது. ஹீற்றரடி ஒண்டாம் நம்பர். நாங்கள் கிழமைக்கு ரெண்டு இடம் தள்ளுவம்."

"ஆறு குச்சிதானே இருக்கு. உங்களுக்கு?" என்றான் பற்றிக்.

"விருந்துக்குக் கூப்பிட்டவர் குச்சி எடுக்கிறேல்லை. அவர் பின்னுக்கு நிப்பார். இந்த அறைக்கு முதல் வந்தவன் நான். நான் வாசலடியிலை படுக்கிறன்."

குளிர்காலத்தில் வாசலடியைக் கேட்டு வாங்குகிற மனிதனை யார் நம்புவது? ஆனாலும் குச்சி எடுத்தோம். எனக்கு மூன்று வந்தது. மாஸ்டருக்கு நாலு.

சில கிழமை சண்டை இல்லாமல் போனது. எங்களுக்கே ஒரு மாதிரி இருந்தது. தை மாதம் மாஸ்டர் குண்டைத் தூக்கிப் போட்டார். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

"ஆறு இடம். ரெண்டு ரெண்டாத் தள்ளுறம். ஒண்டிலை துவங்கினவன் மூண்டு, அஞ்சு, திருப்பி ஒண்டு. நான் நாலிலை துவங்கினன். ஆறு, ரெண்டு, திருப்பி நாலு. சாகுமட்டும் எனக்கு ஒண்டு வராது. ஹீற்றர் முழுக்க ஒற்றை நம்பர்காரருக்கு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஒற்றை நம்பர். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த விஷயம் மூன்றாம் கிழமையே விளங்கியிருந்தது. ஹீற்றருக்குப் பக்கத்தில் படுத்தபடி அதைப் பற்றி ஆழமாகச் சிந்தித்துப் பேசாமல் இருந்தேன்.

"மாளிகையிலை இப்பிடித்தான்" என்றார் லோர்ட் அண்ணை. அவர் முகம் கறுத்துவிட்டது. அந்தக் கணக்கை அவர் ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்கு அது திருட்டு முழியாகவே பட்டது.

"ஏழு இடமெண்டால் பிரச்சினை இல்லை" என்றார் மாஸ்டர். "ஏழைச் சுத்தி ரெண்டு ரெண்டாப் போனால் எல்லாருக்கும் எல்லா இடமும் வரும். நீங்களும் குச்சி எடுங்கோ."

"நான் எடுக்கேலாது."

"ஏன்?"

"எடுக்கிறேல்லை. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து மாஸ்டர் துப்புத் துலக்கத் தொடங்கினார். வாசலடியில் படுப்பது யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்க்கவாம். லோர்ட் அண்ணையின் பெருங்குறட்டை உண்மையான குறட்டை இல்லையாம், நித்திரை மாதிரி நடித்துக்கொண்டு எங்கள் பேச்சைக் கேட்கிறாராம். எல்லாவற்றுக்கும் மேலாக, மாதத்துக்கு ஒருமுறை அவருக்கு இங்கிலாந்திலிருந்து தடித்த உறையில் ஒரு கடிதம் வரும். வாசித்ததும் சட்டைக்குள் வைப்பார். குளிக்கப் போனாலும் கொண்டு போவார்.

"ஆள் தகவல் குடுக்கிற ஆள்" என்றார் மாஸ்டர். ஆறு பேரில் ஐந்து பேருக்கு அகதி வழக்கு முடியவில்லை. அந்த வார்த்தை விழுந்ததும் அறை சில்லிட்டுப் போனது.

அடுத்த ஞாயிறு மத்தியானம், சோறு சாப்பிட்டு முடித்ததும் விசாரணை.

"அண்ணை, கடிதத்தைக் காட்டுங்கோ. இல்லாட்டி இண்டைக்கே வேறை இடம் பாருங்கோ" என்றார் மாஸ்டர்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அவருக்குப் போக இடமில்லை என்று எல்லோருக்கும் தெரியும். நான் அவருக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.

லோர்ட் அண்ணை எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சட்டைக்குள் கையை விட்டுக் கடிதத்தை எடுத்து மாஸ்டரிடமே கொடுத்தார். "உனக்குத்தானே இங்கிலீஸ் வரும். சத்தமாப் படி."

எழுதியிருந்தவர் அந்த மாளிகையின் காட்டுக் காவலர். மாஸ்டர் வரிக்கு வரி தமிழில் சொன்னார். இந்த முறை கோழி குறைவு. கிராமத்தார் கிரிக்கெட்டில் வென்றுவிட்டார்கள். 'விசாக்காரர் உன்னைத் தேடித் திரும்பவும் வந்தார்கள். விசா முடிந்து இரண்டு வருடம் எங்கே ஒளித்திருந்தாய், இப்போது எங்கே என்று கேட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை.' மாஸ்டரின் குரல் இறங்கியது. 'குச்சிக்கூட்டை இப்போது தூக்குகிறவனுக்கு உன்னைப் போல நேராக நிற்கத் தெரியாது. பத்தை அடிக்கிறவர்களும் உன்னைக் கேட்டார்கள்.'



"நான் விருந்தாளி இல்லை" என்றார் லோர்ட் அண்ணை. "பத்தையைத் தடியாலை தட்டிக் கோழி கிளப்பிற ஆள். நல்ல உடுப்புப் போட்ட நாளிலை குச்சிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு விருந்தாளியளுக்கு நீட்டுவன். ஏழு குளிர்காலம் நீட்டினனான். எனக்கு ஒருத்தரும் நீட்டினதில்லை. அப்ப நானே எப்பிடி எடுக்கிறது? இஞ்சையெண்டாலும் விருந்து வைக்கிற ஆளா இருப்பமெண்டு நினைச்சன்."

அந்தக் கடிதம் பிரெஞ்சுக்காரர் கையில் போனால் அவருடைய வழக்கு அன்றைக்கே முடிந்துவிடும். இங்கிலாந்தில் ஏழு வருடம் இருந்தவருக்கு இங்கே எதற்கு அடைக்கலம் என்று கேட்பார்கள். அது தெரிந்துதான் அவர் அதை எங்கள் கையில் கொடுத்தார். எங்களை நம்பினார். அந்த அறையில் அப்படி ஒன்றை முதலில் செய்தவர் அவர்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

"இதை எரிச்சுப் போடுங்கோ அண்ணை. இது கையிலை இருக்கக் கூடாது" என்றார் மாஸ்டர்.

"நேரா நிண்டனானெண்டு எழுதியிருக்கிறான். எரிக்கேலாது."

மாஸ்டர் கடிதத்தை மடித்துத் தன் கணிதக் கொப்பிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டினார். பிறகு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், மற்றவர்களுக்கும் விளங்கியது. நான் மாஸ்டரின் பேனாவையும் அண்ணையின் கண்ணாடிக் கூட்டையும் எடுத்துக்கொண்டு குசினி அடுப்புப் பக்கம் போய்ப் புதுக் குச்சி வெட்டினேன். திரும்பி வந்தபோது கூட்டுக்குள் ஏழு குச்சி. லோர்ட் அண்ணைக்கு முன்னால் போய், என்னால் முடிந்த அளவு நேராக நின்று, இரண்டு கையாலும் நீட்டினேன்.

"எடுங்கோ அண்ணை."

அவர் கோட்டுப் பொத்தானைப் பூட்டினார்.  ஒரு குச்சியை எடுத்து அடியைப் பார்த்தார். ஒன்று. ஹீற்றர் இடம்.

எங்கள் யாருடைய முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அதுதான் நாங்கள் விட்ட பிழை. அவர் கண்ணைச் சுருக்கினார்.

"மற்ற ஆறையும் எடு பாப்பம்."

நான் கூட்டின் வாயைச் சட்டென்று கையால் பொத்தினேன். "நாங்கள் பிறகு எடுக்கிறம். ஏன் அண்ணை, எங்களிலை சந்தேகமோ?"

"ஓம்" என்றார். ஆறு முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு தொப்பியைத் தூக்கினார். ஆம்பிளைகள் எங்களுக்கு.

ஏழு குச்சியிலும் ஒன்று என்றுதான் எழுதியிருந்தேன் என்பது அவருக்குத் தெரியும். மெத்தையை இழுத்துக்கொண்டு ஹீற்றரடிக்குப் போனார், அந்த மத்தியானத்திலேயே படுத்தார், இரண்டு நிமிடத்தில் குறட்டை தொடங்கியது. மாஸ்டர் குனிந்து நின்று நெடுநேரம் கேட்டுவிட்டு, "உண்மையான குறட்டைதான்" என்று ஒத்துக்கொண்டார்.

அதன் பிறகு நான் எத்தனையோ அறைகளில் படுத்துவிட்டேன், எல்லாவற்றிலும் நல்ல ஹீற்றர் இருந்தது. ஆனால் அந்தக் குறட்டை இல்லாத இடத்தில் எனக்கு இன்றைக்கும் நித்திரை லேசில் வருவதில்லை.