மூன்றாம் மாடி நூறு சதவீதம்

ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்கு அடுத்தபடியாக, யார் என்ன சொன்னாலும் அவசரப்படாத ஒரே ஆசாமி எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறார். பெயர் 'நூறு சதவீதம்'. சொந்தப் பெயர் கீழே தபால் பெட்டியில் எழுதியிருக்கிறது. யாரும் நின்று படித்ததில்லை. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ரயில் சக்கரங்களை அளந்து, தேறியது, தேறாதது என்று பிரிக்கிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சக்கரங்கள் கையை விட்டுப் போனதும், வட்டமாக, நடுவில் ஓட்டையோடு வேறு என்ன இருக்கிறது என்று தேடியிருப்பார் போலிருக்கிறது. மியூசிக் சிடியைப் பிடித்துக்கொண்டார்.

ஊரே போனில் பாட்டுக் கேட்கிற காலத்தில், இவர் பழைய சிடிக்களை வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டு, ஒரு துளி சத்தம்கூடச் சிந்தாமல் ஃபைலாக மாற்றுகிறார். ஒருநாள் தெரியாத்தனமாக, "எம்பி3ங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

"எம்பி3ங்கறது பாட்டைப் பிழிஞ்சுட்டு சக்கையைக் கையில குடுக்கறது மேடம். நான் எடுக்கறது ஃபிளாக். சிடியில என்ன இருக்கோ அது அப்படியே வரும். இடம் ஜாஸ்தி புடிக்கும். புடிக்கட்டுமே!"

முதல் மாடிக்காரர் இவருக்கு ஆசையாக ஐந்நூறு பாட்டு ஏற்றிய பென்டிரைவ் ஒன்றைக் கொடுத்தார். எல்லாம் எம்பி3. அன்று முழுக்க அது செருப்பு ஸ்டாண்டிலேயே இருந்தது. மறுநாள் நூறு சதவீதம் அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்து திருப்பிக் கொடுத்தார்.

அவர் வைத்திருக்கிற சாஃப்ட்வேர் சிடியை நுனிப்புல் மேயாது. ஒவ்வொரு துண்டையும் திரும்பத் திரும்பப் படிக்கும். பிறகு, அதே சிடியை வைத்திருக்கும் உலகத்து ஜனங்கள் எடுத்த கணக்கோடு ஒத்துப் பார்க்கும். எல்லாம் சரியாக இருந்தால் திரையில் 'நூறு' என்று வரும். தொண்ணூற்று ஒன்பது புள்ளி எட்டு வந்தால், வீட்டில் இழவு விழுந்த முகத்தோடு சிடியை வெளியே எடுப்பார். பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரில் கழுவுவார். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைப்பார். வட்டமாகத் துடைக்கிறவர்களோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

கஷ்டமான சிடி ஏதாவது உள்ளே போய்விட்டால், படியிறங்கி எங்கள் வீட்டுக்கு வருவார்.

"மேடம், பன்னெண்டு மணி வரைக்கும் மிக்ஸி வேணாமே."

"சார், நீங்க மூணாவது மாடி. நான் ரெண்டாவது."

"அதிர்வு மேல ஏறும் மேடம்."

அன்றைக்கு எங்கள் வீட்டில் சட்னி இருக்காது. இட்லிப் பொடிதான்.

இத்தனை பாடுபட்டு எடுத்தாரே, அதில் எது ரொம்பப் பிடிக்கும் என்று ஒருமுறை கேட்டேன். நிஜமாகவே யோசித்தார்.

"கேட்டதில்லீங்க."

"ஒண்ணுகூடவா?"

"எடுக்கறதுக்கே நேரம் போதல. சரியா இருக்குன்னு நம்பர் சொல்லிடுது. அப்புறம் எதுக்குக் கேக்கணும்?"

இப்படிப்பட்டவரைப் பற்றி ஃபேமிலி குரூப்பில் எழுதிச் சிரித்துக்கொண்டிருந்த நானே, இந்த வருஷம் மழைக்கு முன்னால் அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டி வந்தது.

என் மகள் கார்த்திகா கல்லூரியில் இரண்டாம் வருஷம். நன்றாகப் பாடுவாள். அவளுக்குத் திருச்சி புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் கண் விழித்து அவள் பேசிய முதல் வார்த்தை, வகுப்பில் பெஞ்சை இழுக்கிற மாதிரி இருந்தது. அது அவள் காதிலும் விழுந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"நரம்பு நல்லா இருக்குங்க. வீக்கம்தான். பேசப் பேசத்தான் குரல் வரும், பேச வைங்க" என்றார் டாக்டர். யாரைப் பேச வைப்பது? சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, 'உப்பு' என்று என் போனுக்கு மெசேஜ் அனுப்பினாள். ஒருநாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, மூன்று வாரம். இப்போதும் போன் 'டிங்' என்றால் என் கை உப்பு ஜாடிக்குப் போகிறது.

அவளுடைய பழைய குரலை ஒரு தடவை கேட்டால் போதும் போலிருந்தது. ஐந்தாம் வகுப்பு ஆண்டு விழாவில் அவள் பாடிய மூன்று பாட்டைப் பள்ளிக்கூடத்தில் சிடியாகக் கொடுத்திருந்தார்கள். போன் மாற்றியதில் மற்றதெல்லாம் போய்விட்டது, அது ஒன்றுதான் இருந்தது. வீட்டைத் தலைகீழாகப் புரட்டியதில், சமையலறை மேடையில் ஊறுகாய் ஜாடிக்கு அடியில் அகப்பட்டது.

நூறு சதவீதம் அதை ஓரத்தைப் பிடித்து வாங்கினார். முகர்ந்தார்.

"மாங்காயா?"

"ஆமாம் சார்."

"எத்தனை வருஷமா?"

"ஒரு… ஏழெட்டு."

விரிசல் விட்ட சக்கரத்தோடு ரயிலை ஓட்டிக்கொண்டு வந்தவரைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். மகள் சின்ன வயதில் பாடியது என்று மட்டும் சொன்னேன். ஆபரேஷனைப் பற்றிச் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து இறங்கி வந்தார். முகத்தில் குற்ற உணர்ச்சி.

"மேடம், மூணும் வந்துடுச்சு. ஆனா இந்த சிடி உலகத்துல வேற யார்கிட்டயும் இல்ல. ஒத்துப் பாக்க ஆள் இல்ல. வேற வழி தெரியாம…" குரலைத் தாழ்த்தினார். "கேட்டுட்டேன்."

"பரவாயில்ல சார்."

"மூணாவது பாட்டுல, ரெண்டாவது சரணத்துல 'டங்'குன்னு ஒரு சத்தம். அது கீறலா, இல்ல அன்னைக்கு நிஜமாவே அப்படி ஒரு சத்தம் வந்துச்சா?"

எனக்குத் தெரியும். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த என் மடியிலிருந்து டிபன் பாக்ஸ் மூடி சரிந்து விழுந்த சத்தம் அது. குழந்தை திடுக்கிட்டு ஒரு வரியை விட்டாள், இரண்டாம் பரிசு. எட்டு வருஷமாக அந்தப் பழியை நான் மைக்செட்காரர் தலையில் வைத்திருக்கிறேன்.

"கீறலாத்தான் இருக்கும் சார்" என்றேன்.

பாவம், நம்பிவிட்டார். பல் தேய்க்கிற பேஸ்ட்டைப் பஞ்சில் தொட்டு இன்னும் மூன்று நாள் அந்தச் சிடியைத் தேய்த்தார். 'டங்' போகவில்லை. கடைசியில், "பாடினவங்களையே கூட்டிட்டு வாங்க மேடம்" என்றார்.

கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு கார்த்திகா என் பின்னால் மாடியேறினாள். அவர் பாட்டைப் போட்டார். பத்து வயதுக் குரல் அந்த அறை முழுக்க நிறைந்தது. அவள் ஜன்னலைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். இவளை இங்கே கூட்டி வந்தது தப்போ என்று மனசு அடித்துக்கொண்டது. இரண்டாவது சரணம் வந்தது. 'டங்!'

"பாத்தீங்களா? ஸ்கிராட்ச். நல்ல ஆழமான ஸ்கிராட்ச். அம்மாவும் அதான் சொல்றாங்க."

"ஸ்கிராட்ச் இல்ல."

பெஞ்சை இழுக்கிற அதே குரல். நான் நிமிர்ந்தேன்.

"அது எங்கம்மாவோட டிபன் பாக்ஸ் மூடி."

நூறு சதவீதம் கொஞ்சமும் அசரவில்லை. பேப்பரையும் பேனாவையும் எடுத்தார்.

"எவர்சில்வரா, பிளாஸ்டிக்கா?"

"எவர்சில்வர்."

"தரை?"

"சிமெண்ட். விழுந்துட்டு உருண்டுச்சு. நல்லா கேளுங்க அங்கிள், கேக்கும்."

ஹெட்ஃபோனை மாட்டினார். கண்ணை மூடினார். "அட, ஆமாம்மா! உருளுது!"

"அதாலதான் எனக்கு செகண்ட் பிரைஸ். இவங்க எட்டு வருஷமா மைக்செட்காரர் மேல பழியப் போட்டுட்டு இருக்காங்க!"

"ஏய், அந்த மைக்கும் அன்னைக்கு…" என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரும்மா! பொய்யி!"

எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. நூறு சதவீதம் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"விடுங்க மேடம். மூடின்னா விழத்தான் செய்யும்."

அன்றிலிருந்து பேசுகிறாள். பெரும்பாலும் என்னைத் திட்டுவதற்குத்தான். காலையில் குரல் பரவாயில்லை. சாயங்காலம் ஆனால் பெஞ்சு திரும்பி வந்துவிடுகிறது. பாடுவாளா என்று டாக்டரைக் கேட்டால், பொறுமையாக இருங்கள் என்கிறார். பொறுமையாகத்தான் இருக்கிறேன், நகத்தைக் கடித்துக்கொண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை நூறு சதவீதம் வந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. ஒரு பென்டிரைவை என் கையில் கொடுத்தார்.

"ஒண்ணு உங்களுக்கு. ஒண்ணு என்கிட்ட இருக்கு. இன்னொண்ணை ஆத்தைத் தாண்டி, காட்டூர்ல என் தங்கச்சி வீட்டு பீரோவுல வச்சுட்டு வரேன்."

"காட்டூர்லயா? எதுக்கு சார்?"

"நாம இருக்கறது தீவு மேடம். இந்தப் பக்கம் காவேரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். ரெண்டுலயும் ஒண்ணா வெள்ளம் வந்தா பாப்பா பாட்டு என்ன ஆகறது?"

"உங்க மத்த பாட்டெல்லாம்?"

"அதெல்லாம் எங்கயாச்சும் கெடைக்கும்."

"இந்த வெயில்ல ரெண்டு பஸ் மாறிப் போனீங்களா?"

"ஒரே கூட்டம். கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னேன். பையில இடி படும்னு, அதை சீட்ல இருந்த ஒரு அம்மா மடியில குடுத்தேன். உள்ள என்னங்கன்னு கேட்டாங்க. எங்க வீட்டுப் பொண்ணு பாடினதும்மா, கொஞ்சம் கெட்டியாப் புடிச்சுக்கங்கன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் படியேறிப் போய்விட்டார். கார்த்திகாவுக்காகப் பயப்பட என்னைத் தவிரவும் ஒரு ஆள் இருக்கிறார். அன்று மதியம் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.