வாய்தா நெஞ்சுவலி

வாய்தா நோயாளி என்றோர் இனம் உண்டு. மாதமெல்லாம் கல்லுக்குண்டு மாதிரி இருப்பார். கோர்ட்டில் பெயர் கூப்பிடும் அன்று மட்டும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். நீங்கள் பார்க்காமலா இருந்திருப்பீர்கள்?

எங்கள் தெரு நர்சிங் ஹோம் டாக்டர் இந்த இனத்தின் திலகம். வராத நோயாளிக்குக் கட்டில் கொடுத்து, போடாத ஊசிக்குப் பில் போட்டு, இன்ஷூரன்ஸ் பணத்தில் மாடிமேல் மாடி கட்டி, ஜோராகத்தான் இருந்தார். ஆனால் முன்போலவா? இப்போது கம்பெனிக்காரர்கள் பில்களையெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தின்னக் கொடுக்கிறார்கள். ஒரே ஆசாமிக்கு இரண்டு தடவை குடல்வால் எடுத்திருப்பதை அது கண்டுபிடித்துவிட்டது. அறுக்க அறுக்கத் தழைக்க அதென்ன கீரையா? வழக்கு வந்தது. கூடவே நெஞ்சுவலியும்.

வாய்தா தவறாமல் தன் ஆஸ்பத்திரியிலேயே படுத்துக்கொள்வார். வக்கீலான மச்சான் சர்டிபிகேட்டோடு கோர்ட்டுக்கு ஓடுவார். போன வாய்தாவன்று மச்சான் கையைப் பிசைந்தார்.

"அத்தான், இன்னைக்கும் வரலைன்னா வாரண்ட்தான். நேரா உள்ள!"

டாக்டருக்கு வியர்த்துக் கொட்டியது. இடது கை மரத்தது. வலித்தது, இந்தத் தடவை நிஜமாகவே வலித்தது.

"சிஸ்டர், நெஞ்சு வலிக்குது!"

"எழுதிட்டேன் சார்."

"ஊசி போடும்மா!"

"போட்டதா எழுதியாச்சு சார்."

"ஆக்சிஜன்!"

"அத நேத்தே எழுதி வச்சிட்டேனே."

"ஐயோ, இது நெஜம்!"

நர்ஸ் பூரித்துப்போனாள். "அச்சு அசலா இருக்கு சார்!"

"மூஞ்சிய அப்படியே வச்சுக்குங்க அத்தான், ஜட்ஜுக்குக் காட்ட ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றார் மச்சான்.

நர்ஸைத் திட்டாதீர்கள். அவளுக்கு அவர் கற்றுக்கொடுத்த வைத்தியம் அதுதான். போட்டோவில் அத்தானின் உதடு நீலமாக இருந்ததைப் பார்த்த பிறகுதான் மச்சான் அலறியடித்துக்கொண்டு அவரை அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார். அங்கே ஊசியை எழுதுவதற்கு முன்னால் போட்டார்கள். பிழைத்துக்கொண்டார், பாவம். வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஓர் அசல் சர்டிபிகேட் கோர்ட்டுக்குப் போனது. ஜட்ஜ் அதைப் படித்தார், சிரித்தார், வாரண்ட் போட்டார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். வெறும் ஸ்கேனுக்குப் போன இடத்தில், "ஒரு நாள் படுத்துக்கிட்டா இன்ஷூரன்ஸ்லயே வந்துடும் சார்" என்று சொன்னதும், செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் ஏறி, போர்வையையும் கேட்டு வாங்கிக்கொண்டவர் யார்? அந்தக் கம்ப்யூட்டர் இன்னும் தின்றுகொண்டுதான் இருக்கிறது. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்: லேசாக வலிக்கிறதா?