குக்கருக்குள் எட்டு மீட்டர்

பாத்ரூம் முக்காலியில் உட்கார்ந்து, இடது கையைப் பக்கெட் தண்ணீருக்குள் விட்டிருந்தார் சேஷன். மணிக்கட்டில் கறுப்பாக ஒன்று, மஞ்சளாக ஒன்று என்று இரண்டு கருவிகள். இரண்டும் பிடிவாதமாகப் பூஜ்யத்தையே காட்டின.

“ஏன்னா, இன்னும் எத்தனை நாழி? துணி அலசணும்” என்றாள் வெளியே மங்களம்.

“ஆழமே காட்ட மாட்டேங்கறது.”

“பக்கெட்ல ஏதுன்னா ஆழம்?”

எல்லாம் மகள் மேதாவால் வந்தது. முந்தின நாள் ராத்திரி ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: “அப்பா, ஜனவரில லட்சத்தீவு. ஸ்கூபா டைவிங். புக் பண்ணியாச்சு.”

சேஷனுக்கு அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை. மயூர் விஹாரிலிருந்து ஆபீஸ் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகத் தெரியும் யமுனைதான் அவர் பார்த்த பெரிய தண்ணீர். அதுவே அவருக்கு அதிகம்.

“கையில கட்டிக்க ஒரு கம்ப்யூட்டர் வேணும்பா. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், எவ்வளவு மெதுவா மேல வரணும்னு எல்லாம் சொல்லும். அவசரமா வந்தா ரத்தத்துல காத்துக் குமிழி வந்துடும். நீயே போய்ப் பாத்து எடு. உனக்குத் திருப்தியா இருக்கணும்.”

குமிழி என்ற சொல்லோடு சேஷனின் தூக்கம் போயிற்று. மறுநாளே முனிர்காவில் அவள் சொன்ன தர்மனின் கடைக்கு ஓடினார். தர்மன் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற தூத்துக்குடிக்காரர்; முக்குளிக்கும் சாமான்கள் விற்பவர். இரண்டு கம்ப்யூட்டர்களை எடுத்து வைத்தார்.

“கறுப்பு கொஞ்சம் அனுசரிச்சுப் போகும் சார். மஞ்சள் ரொம்பக் கண்டிப்பு. இது ரெண்டும் சாம்பிள்தான், வீட்டுல வச்சுப் பாத்துட்டு நாளைக்குக் கொண்டாங்க.”

சேஷன் தணிக்கைத் துறையில் தலை நரைத்தவர். கூட இருந்த கையேட்டில் எழுதியிருப்பதை நம்புகிற வழக்கம் அவருக்கு இல்லை. அதனால்தான் பக்கெட்.

பக்கெட் கைவிட்டதும் மொட்டை மாடிக்குப் போனார். இரண்டையும் கயிற்றில் கட்டித் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கினார். ஒன்றரை மீட்டர் என்று காட்டியது. அவர் முகம் மலர்வதற்குள் பின்னால் குரல் கேட்டது. குடியிருப்புச் செயலாளர் சட்டா, குடிக்கிற தண்ணீரில் என்ன போடுகிறீர்கள் என்று இந்தியில் அதட்டினார்.

“சேஷன்ஜீ, யே பீனே கா பானி ஹை. க்யா டால் ரஹே ஹோ?”

“கடி ஹை, கடி” என்று கடிகாரமாக்கிச் சமாளித்துவிட்டு இறங்கினார். அன்று மாலைக்குள், குடிதண்ணீரில் சேஷன் என்னவோ கலந்தார் என்று நான்கு மாடிக்கும் தெரிந்துவிட்டது. மங்களம் வீடு வீடாகப் போய் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

அவள் போன நேரத்தில் மாடி வீட்டு வைத்தி வந்தார். டெலிபோன் இலாகாவில் இருந்தவர். எதையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார்.

“ஆழம்னா என்ன ஓய்? அழுத்தம். அதுக்குத்தான் குக்கர் இருக்கே.”

குக்கரில் பச்சைத் தண்ணீர் ஊற்றிக் கம்ப்யூட்டர்களைப் போட்டு மூடினார்கள். வெயிட் வைக்கும் குழாயில் ரப்பர் டியூபைச் செருகி, சைக்கிள் பம்பால் காற்றடித்தார் வைத்தி. சேஷன் டியூபைப் பிடித்துக்கொண்டார். அடிக்க அடிக்க உள்ளே கடல் ஆழமாகிக்கொண்டே போவதாக அவருக்குத் தோன்றியது. உள்ளே மேதா இருப்பதாகவும் தோன்றியது. கை வியர்த்தது. டியூப் வழுக்கிக் கழன்றது.

புஸ்ஸென்று காற்று வெளியேறியது. உடனே குக்கர் பீப் பீப் என்று அலறத் தொடங்கியது.

திறந்து பார்த்தார்கள். கறுப்பு, இரண்டு முறை முனகிவிட்டு ஒன்றுமே நடக்காததுபோல மணி காட்டியது. மஞ்சள் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையாமல் பூட்டிக்கொண்டது.

“வேகமா மேல வந்துட்டோம்னு கோச்சுண்டுருக்கு. திரும்பக் கீழ அனுப்பினா சமாதானம் ஆயிடும்” என்றார் வைத்தி.

இந்த முறை சேஷன் டியூபைக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். வைத்தியும் இரண்டு கையாலும் அடித்தார். குக்கரின் சேஃப்டி வால்வு பிய்த்துக்கொண்டு போய் விட்டத்தில் மோதி, மங்களம் ஆற வைத்திருந்த பாலில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து மங்களம் உள்ளே வந்தாள். குக்கரைப் பார்த்தாள், பாலைப் பார்த்தாள், வைத்தியைப் பார்த்தாள். வைத்தி பம்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

மறுநாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடைக்குள் நுழைந்தார் சேஷன். தர்மன் மஞ்சளை வாங்கிப் பார்த்தார்.

“எட்டு மீட்டர் போயிருக்கீங்க. டெல்லில எங்க சார்?”

“குக்கர்ல.”

தர்மன் சிறிது நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். தோள் மட்டும் குலுங்கியது.

“கெட்டுப்போகல சார். தப்பா மேல வந்தா இப்படிப் பூட்டிக்கும். ரெண்டு நாள்ல தானா சரியாயிடும். கறுப்பு எடுத்துக்கறீங்களா? அது இவ்வளவு படுத்தாது.”

“வேண்டாம்” என்றார் சேஷன். “அது போனாப் போறதுன்னு விட்டுடுத்து. இது விடல பாருங்கோ. அவ்வளவு ஆழத்துல, நான் பக்கத்துல இல்லாதபோ, கூட இருக்கறது இப்படித்தான் இருக்கணும். மஞ்சள்லயே புதுசா ஒண்ணு குடுங்கோ.”

தர்மன் புதுப் பெட்டியைப் பிரித்தார். சேஷனின் கையைப் பிடித்து, மணிக்கட்டில் பட்டையைச் சுற்றி அளவு பார்க்க ஆரம்பித்தார்.

“எனக்கு எதுக்குப் போட்டுப் பாக்கறேள்? அவ கை இதுல பாதிதான் இருக்கும்.”

தர்மன் பட்டையின் கொக்கியை இறுக்கினார்.

“மேதா மேடம் போன வருஷமே அவங்களுக்கு ஒண்ணு வாங்கி, அந்தமான்ல முங்கிட்டும் வந்துட்டாங்க சார், இது லட்சத்தீவுல உங்க கைக்கு, நாளைலேருந்து உங்களுக்கு நீச்சல் கிளாஸ்.”