‘ஜோடிக் குத்து’க்கு ஐந்து மதிப்பெண் குறைகிறது

ஸ்ரீரங்கம்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வார இதழை முப்பது வருடமாகப் படித்து, தேதி வாரியாக அடுக்கியும் வைத்திருக்கும் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் அழகியமணவாளன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் அலுவலகத்தில் அனைவரும் சௌக்கியமாக இருக்க அரங்கனை வேண்டுகிறேன். இது ஒரு மறுமதிப்பீட்டு விண்ணப்பம்.

சென்ற இதழில் ‘ஜோடிக் குத்து’ என்ற சண்டைப் படத்துக்கு உங்கள் விமர்சகர் ஐந்துக்கு ஒன்றரை நட்சத்திரம் போட்டிருக்கிறார். நூற்றுக்கு மாற்றினால் முப்பது. பாஸ் மார்க் முப்பத்தைந்து. ஐந்து மார்க்கில் போய்விட்டது. என்னோடு வேலை பார்த்த உடற்கல்வி ஆசிரியர் ரசூல் சாரும் நானும் உங்கள் நட்சத்திரங்களை இப்படித்தான் மாற்றிப் பார்த்து, பாஸான படத்துக்கு மட்டும் போவோம். பதினாலு மாதமாக அவர் ஷார்ஜாவில் மகள் ஆஃப்ரின் வீட்டில் இருக்கிறார். போன வாரம், உங்கள் விமர்சனம் வருவதற்கு முன் போனில், “கணக்கு சார், கராத்தேக்காரனும் சிலம்பக்காரனும் சேர்ந்து அடிக்கிற படமாமே. பாஸாச்சுன்னா சொல்லுங்க, கிளம்பி வந்துடறேன். ஃபெயிலுன்னா இங்கயே மொபைல்ல பார்த்துக்கறேன்” என்றார். நானே பாஸ் என்று சொல்லிவிடலாம்தான். அங்கேயும் உங்கள் இதழை அவர் போனில் படிக்கிறாரே, என்ன செய்வது?

உங்கள் விமர்சகர் படத்தை முழுதாகப் பார்த்தாரா என்பதே எனக்குச் சந்தேகம். ‘முதல் பாதி முழுக்க அடித்துக்கொள்ளும் இருவர் நண்பர்களாவதற்குக் காரணமே இல்லை’ என்று எழுதியிருக்கிறார். ஓர் உதாரணம் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த வாரமே ரசூல் சாரின் விளையாட்டு பீரியடைப் பிடுங்கி நான் அல்ஜீப்ரா நடத்தினேன். வாசலில் வந்து நின்றார். “சார், பிள்ளைங்களுக்கு வேர்க்கணும்.” “இங்கயும் வேர்க்கறது, பாருங்கோ” என்றேன். “அது பயத்துல வேர்க்குது சார்” என்றார். வகுப்பே சிரித்தது. மூன்று மாதம் பேசவில்லை. நாலாவது மாதம் சேர்ந்து படத்துக்குப் போனோம். காரணம் இன்றுவரை எங்கள் இருவருக்கும் தெரியாது. தியேட்டரில் அவர் சும்மா உட்கார மாட்டார். திரையில் விழுகிற ஒவ்வொரு அடியையும், “இப்படித்தான் சார் வெட்டணும்” என்று என் இடது தோளில் செய்து காட்டுவார். வீட்டுக்கு வந்தால் என் மனைவி வேதவதி முணுமுணுத்துக்கொண்டே தைலம் தேய்ப்பாள். பதினாலு மாதமாகத் தோள் வலிக்கவே இல்லை சார். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஐந்து மார்க் குறைந்த பையனை நான் ஒருநாளும் கைவிட்டதில்லை. நோட்டுப் புத்தகச் சுத்தத்துக்காவது போட்டுவிடுவேன். அடுத்த வியாழனோடு படத்தை எடுத்துவிடுவார்களாம். இந்த வெள்ளிக்கிழமை இதழில் ஒரு கால் நட்சத்திரம் கூட்டிப் போட்டால் கணக்கு சரியாகிவிடும்.

தங்கள் இதழும் குடும்பமும் தழைக்க ஆசிகளுடன்,
அழகியமணவாளன்

பி.கு.: உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தில்லை நகர் தியேட்டருக்குப் போய் டிக்கெட் கவுன்ட்டர் வரை வரிசையில் நின்றேன். “எத்தனை டிக்கெட் சார்?” என்று கேட்டார்கள். ஒன்று என்று சொல்ல வாய் வரவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டேன். விடைத்தாளைப் பார்க்காமல் மார்க் கேட்பது முப்பத்து நாலு வருட சர்வீஸில் இதுதான் முதல் தடவை. அதற்காக எனக்கு எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளுங்கள். படத்துக்கு மட்டும் அந்த ஐந்தைப் போட்டுவிடுங்கள்.