அடுத்தவர் செடிக்குக் கவாத்து

கம்பம் பள்ளத்தாக்கில் ஓர் இனம் உண்டு. யானை, வரையாடு போல இவர்களைத் தேடி மலை ஏற வேண்டியதில்லை. வாசலில் ஒரு செடி வைத்தால் போதும், தாமாகவே வருவார்கள். அடுத்தவர் செடிக்குக் கிளை வெட்டிக் கவாத்து செய்கிறவர்கள்.

காப்பி குடிக்கத்தான் வந்திருப்பார்கள். ஆனால் செருப்பைக் கழற்றும் முன்பே செடியருகே போய், ஓர் இலையைக் கிள்ளி, கசக்கி, முகர்ந்து, நுனிநாக்கில் வைத்துப் பார்த்து, வேரோரம் விரலால் மண்ணைக் கிளறி, இடுப்பில் கை வைத்து ஒரு பெருமூச்சும் விடுவார்கள். பெருமூச்சு வந்துவிட்டதா? செடி பிழைப்பது கஷ்டம். "ஒரு வெட்டுப் போட்டா கெளம்பிரும்." ரோஜாவுக்கும் அதே வைத்தியம், செம்பருத்திக்கும் அதே வைத்தியம். வாசல் தென்னையை ஒருவர் அந்தக் கண்ணோடு அண்ணாந்து பார்த்ததை நானே பார்த்திருக்கிறேன். குற்றம் சொல்ல முடியுமா? இங்கே எங்கும் பந்தல் திராட்சை, அது வெட்ட வெட்டத்தான் பூக்கும். அதிலேயே வளர்ந்தவர்களுக்கு உலகமே ஒரு பந்தல்.

எங்கள் அம்மாவின் தம்பி, சுருளிப்பட்டி விஜய்ராஜ் மாமா, இந்த இனத்தில் முதல் தரம்.

என் தங்கை ஜெபஷீலா பழனிசெட்டிபட்டியில் வீடு கட்டி, வாசலில் பாட்டில் பிரஷ் செடி வைத்தாள். கிளைகள் தலைமுடியை விரித்துப் போட்டது போலத் தொங்கும். இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசம். பூவோ, பால்புட்டி கழுவும் பிரஷ்ஷேதான், நல்ல சிவப்பில். நான் எட்டோடு நின்றவன், அவள் வங்கி அதிகாரி. ஆனாலும் வெயில் எந்தப் பக்கம் விழும், தண்ணீர் எப்படித் தேங்காமல் வடியும் என்று பார்த்துப் பார்த்துக் குழி தோண்டியவள் அவளேதான். என் தங்கை எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். செடிதான் மூன்று வருடமாகப் பூக்கவில்லை.

அவளுடைய மாமியார் ஞானபாக்கியம் அத்தை கெடு வைத்துவிட்டார்.

"காயுமில்ல, பூவுமில்ல. வாசல்ல தலையத் தொங்கப்போட்டு எளவு வீடு மாதிரி நிக்கிது. ஈஸ்டருக்குள்ள பூக்கலன்னா பிடுங்கிட்டு எலுமிச்சை வைப்போம்."

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் நுனிதோறும் மொக்கு கட்டியது. தங்கை எனக்குப் போன் செய்து, குழந்தைக்குப் பல் முளைத்ததைச் சொல்வது போலச் சொன்னாள். அந்த வாரமே, அவள் வங்கிக்குப் போயிருந்த நேரமாக மாமா வந்து சேர்ந்தார். அத்தை காப்பி போட உள்ளே போனார். பால் பொங்குவதற்குள் கிளைகள் தரையில் கிடந்தன. மிஞ்சிய குச்சிகளையும் மாமா சும்மா விடவில்லை; நிமிர்த்தி, கயிறு போட்டு, கேட்டுக் கம்பியில் கட்டிவிட்டார்.

சாயங்காலம் நான் போனபோது மாமா இன்னும் கிளம்பவில்லை; தங்கை மொக்கோடு ஒரு குச்சியைக் கையில் வைத்து நின்றிருந்தாள்.

"நுனியிலதான மாமா மொக்கு இருந்துச்சு. பூத்து முடிஞ்சப்பறம்தான் இத வெட்டணும்."

"வெட்டாம எப்படித்தா பூக்கும்? தொங்குதுன்னா பந்தல் கேக்குதுன்னு அர்த்தம்."

"இது கொடி இல்ல மாமா. இதோட வளர்த்தியே இப்படித்தான்."

"அப்ப வளர்த்தியே சரியில்ல" என்று மாமா காப்பியை ஆற்றினார்.

தங்கை கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். அத்தை, எலுமிச்சைக் கன்றுக்கே சொல்லி வைத்துவிட்டார்.

ஈஸ்டர் ஆராதனை முடிந்து நாங்கள் எல்லோரும் திரும்பியபோது பக்கத்து வீட்டு அம்சத் பீவி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, ஒங்க செடி எங்க பக்கம் வந்து பூத்துக் கெடக்கு. வந்து பாருங்க."

மாமாவின் கைக்கு எட்டாத ஒரே ஒரு கிளை, சுவரைத் தாண்டி அந்தப் பக்கம் தொங்கி, நுனியெல்லாம் சிவந்திருந்தது. அத்தை வெகுநேரம் பார்த்தார். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தார்.

"எலுமிச்சையக் கொல்லையில வச்சுக்கிருவோம்" என்றார்.

மாமாவுக்கும் தகவல் போயிற்று. "நான் அன்னைக்கி வெட்டுன வெட்டுல கெளம்பிருச்சு பாத்தியா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது அந்தச் செடி முக்கால்வாசி மொட்டை. ஒரு பக்கம் மட்டும் நீளமாக ஒற்றைக் கிளை. வாசிக்கிற உங்களுக்கு, அதையும் கொஞ்சம் தட்டிச் சமமாக்கிவிட்டால் லட்சணமாக இருக்குமே என்று தோன்றுகிறதா? அப்படியானால், பழனிசெட்டிபட்டிக்கு வரும்போது என் தங்கை வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்து வாருங்கள்.